தண்ணி காட்டும் பாலைவனம்!

சைக்கிளில் ஊர் சுற்ற ஆசையா? அப்படியே ஹேண்டில்பாரை அமெரிக்காவின் யூட்டா மாநிலம் பக்கம் திருப்புங்க. தெற்கு யூட்டாவில் டோரி என்கிற குட்டி ஊரில் ஆரம்பித்து, ஸயான் தேசியப் பூங்காவில் முடிகிற ரூட் இது. 300 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே, ஐந்து நாள். முழுக்க தார் ரோடு. வழியெல்லாம் சிவப்பு, ஆரஞ்சு, வெள்ளை என்று கலர் கலரா பாறைகள், அதல பாதாளப் பள்ளத்தாக்குகள். செம ரூட்!

ஆனா ஒரு கண்டிஷன். மேப்பில் கிலோமீட்டரை எண்ணாதீங்க... குடிதண்ணீர் கிடைக்கிற இடத்தை எண்ணுங்க.

மே மாதக் கடைசியில், அங்கே படிக்கிற என் பெரியம்மா பையனோடு இந்த ரூட்டில் போனேன். அங்கே காற்று அவ்வளவு வறட்சி. வியர்வை வந்த சுவடே தெரியாமல் காய்ந்துவிடும். சட்டையில் வெள்ளைக் கோடாக உப்பு மட்டும்தான் மிச்சம். 'நமக்குத்தான் வேர்க்கவே இல்லையே'னு நினைச்சீங்க, நீங்க அவுட்! சும்மா சுற்றிப் பார்க்க வருகிறவருக்கே ஒரு நாளைக்கு சுமார் 4 லிட்டர் வேண்டும் என்கிறது பூங்கா நிர்வாகம். மிதிக்கிறவருக்கு அதுக்கும் மேலே. ஒரு லிட்டர்னா ஒரு கிலோ. 6 லிட்டர் கட்டினால் ஏற்றம் பூரா 6 கிலோவைக் கூடுதலாக இழுக்கணும். கம்மியா எடுத்தா நாக்கு வறளும், ஜாஸ்தியா எடுத்தா முழங்கால் கதறும். எங்க மெக்கானிக்ஸ் பேப்பர்லகூட இவ்வளவு கொடுமையான கணக்கு வந்ததில்லை! உப்புக் கடலையும் மறக்காதீங்க. வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கி, அதுவே ஆளைச் சாய்த்துவிடும்.

முதல் நாள், டோரியிலிருந்து போல்டர். 60 கிலோமீட்டர். நடுவில் போல்டர் மலை... உச்சி சுமார் 2,900 மீட்டர்! பைன் மரங்களுக்கு நடுவே மூச்சு வாங்க ஏறினால், இடது பக்கம் கீழே பூமி மடிந்து கிடப்பது தெரியும். 160 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே பாறை மடிப்பு. இந்த மலை ரோட்டுக்கு முழுசாகத் தார் போட்டது 1985-ல்தான். அந்தப் பக்கம் இருக்கும் போல்டர் ஊருக்கு 1930-கள் வரை தபால் வந்தது கோவேறு கழுதை மேலே. லேட்டா வந்தா கழுதையைத்தான் திட்டணும்!

இரண்டாம் நாள், எஸ்கலான்டே வரை. 45 கிலோமீட்டர்தானேனு அசால்ட்டா இருக்காதீங்க. 'ஹாக்ஸ்பேக்' என்று ஒரு இடம் வரும். பன்றியின் முதுகெலும்பு மாதிரி ஒரு பாறை முகடு, அதன் மேலே ரோடு. இரண்டு பக்கமும் பள்ளம். தடுப்புச் சுவர்? மூச்! பக்கவாட்டில் காற்று அடித்தால் ஹேண்டில்பாரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ரோட்டை மட்டும் பாருங்க. வியூ வேணும்னா இறங்கி நின்னு பார்க்கலாம்.

அங்கேயிருந்து இறங்கினால் எஸ்கலான்டே ஆறு. 'இதுவா ஆறு?'னு கேட்பீங்க. பல இடங்களில் முழங்கால் ஆழம்கூட இருக்காது. இந்தப் பிரம்மாண்டமான பள்ளத்தாக்குகளை வெட்டியது இதுவும் இதன் கிளைகளும்தான் என்றால் நம்ப முடியுதா? ரகசியம் இதுதான். மழை அபூர்வம். ஆனால் பெய்தால், மொட்டைப் பாறை ஒரு சொட்டுகூட உறிஞ்சாது. அத்தனையும் ஒரே நேரத்தில், மண்ணும் கல்லுமாக, குறுகிய பள்ளத்தில் பாயும். அந்த வெள்ளம்தான் அரம். 2015 செப்டம்பர் 14 அன்று ஸயானின் கீஹோல் பள்ளத்தாக்கில் இப்படி வந்த திடீர் வெள்ளத்தில் ஏழு பேர் இறந்தார்கள். தாகமும் வெள்ளமும் ஒரே இடத்தில் ஆளைக் கொல்கிற ஊர் இது.

மூன்றாம் நாள்தான் நிஜமான பரீட்சை. எஸ்கலான்டே தாண்டினால் 50 கிலோமீட்டருக்குக் கடை கண்ணி கிடையாது. நீலம் கலந்த சாம்பல் குன்றுகள் மட்டும்தான் துணை. அத்தனையும் டைனோசர் காலத்து மண். அண்ணன் ஒரு வாய்த் தண்ணீரை எடுத்துக் கொப்பளிக்கப் போனார். பாட்டிலைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன். அவர் முறைத்த முறை இருக்கே!

ஆனால் அன்று சாயங்காலம் பார்த்த ஒரு வாய்க்கால், எங்க இரண்டு பேர் வாயையும் அடைத்துவிட்டது. டிராபிக் என்ற ஊரைத் தாண்டி பிரைஸ் பள்ளத்தாக்குக்கு ஏறும் வழியில், ரோட்டோரமாகவே இருக்கிறது. 1890-லிருந்து 1892 வரை, குடியேறிய ஜனங்கள் கடப்பாரையும் மண்வெட்டியுமாக வெட்டியது. மலைக்கு அந்தப் பக்கம் ஓடும் ஸிவியர் ஆற்றுக் கிளையின் தண்ணீரை, மேட்டைக் குடைந்து இந்தப் பக்கம் திருப்பிவிட்டார்கள். 2002-ன் கடும் வறட்சி தவிர, வருஷா வருஷம் வயலுக்குப் பாய்கிறது. எந்த சாஃப்ட்வேரும் இல்லாமல் மட்டம் பார்த்து வெட்டியிருக்கிறார்கள் பாஸ்! கையில் கால் பாட்டில் தண்ணீரோடு அதன் பக்கத்தில் நின்று பாருங்க... சிவில்காரங்களை இனி கிண்டல் பண்ண மாட்டீங்க.

பிரைஸில் கூம்பு கூம்பாக நிற்கும் பாறைகளும் தண்ணீர் வேலைதான். வருஷத்தில் பாதி நாள் இரவில் உறைந்து பகலில் உருகும் தண்ணீர், விரிசலுக்குள் புகுந்து பாறையைப் பிளந்துகொண்டே இருக்கிறது.

நான்காம் நாள் கொஞ்சம் ஜாலி. முதலில் சைக்கிளுக்கென்றே போட்ட பாதை, அப்புறம் ரெட் கேன்யன் பாறைக் குகைவழிகள். பிறகு 89-ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே திரும்பி ஒரு மேட்டைத் தாண்டணும். மேட்டுக்கு இந்தப் பக்கம் விழும் மழை ஸிவியரில் சேர்ந்து வடக்கே போய், கடைசி வரை கடலையே பார்க்காது. அந்தப் பக்கம் விழுவது வர்ஜின் ஆற்றில் சேர்ந்து கொலராடோவுக்கு.

ஐந்தாம் நாள், ஸயான். கிழக்கு வாசலுக்குள் நுழைந்த பிறகு 1.8 கிலோமீட்டர் சுரங்கப் பாதை, 1930-ல் திறந்தது. அதற்குள் சைக்கிளுக்கு அனுமதி இல்லை! வாயிலில் நின்று கட்டை விரலைக் காட்டணும். எங்களுக்கு ஒரு பிக்கப் டிரக் தாத்தா லிஃப்ட் கொடுத்தார். முதலில் அவர் கேட்ட கேள்வி, "தண்ணி இருக்கா?"

சுரங்கம் தாண்டி வளைந்து வளைந்து இறங்கினால், அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்கிற உயரத்தில் மணற்பாறைச் சுவர்கள். சில இடங்களில் சுவரே கசிகிறது. மேலே விழுந்த மழை, பாறைக்குள் மெல்ல இறங்கி வெளியே வர ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆகுமாம். பெரிய கோயில் கட்டிய காலத்து மழை!

கிளம்பறீங்களா? மே, அல்லது செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் பாதி வரை பெஸ்ட். ஜூலை முதல் செப்டம்பர் வரை இடி மழைக் காலம். தினமும் வானிலை பார்க்காமல் பள்ளத்துக்குள் இறங்காதீங்க. ஹெல்மெட், பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம். எந்த ஊரில் குழாயைப் பார்த்தாலும், பாட்டில் முக்கால் நிறைஞ்சிருந்தாலும், நிறுத்தி ரொப்பிக்கோங்க. அடுத்த குழாய் எப்போ வரும்னு அந்த ரோடு சொல்லாது!