வினைத்திரிபும் வேலைக்குப் போவோரும்

யப்பானிய மொழி கற்பதற்கான துணைக்கருவிகள் இன்று நம் இளைஞர் கைகளிலே மலிந்து கிடக்கின்றன. சுவரில் ஒட்டும் வினைத்திரிபு அட்டவணை, புரட்டிப் பார்க்கும் சிற்றட்டை, கைத்தொலைபேசியிற் கேள்வி கேட்கும் செயலி, மெட்டமைத்த பாட்டு என அவை பலவகைப்படும். இலக்கிய ஆர்வத்தால் எழுந்த தேவை அன்று இது. 2019 ஏப்ரலில் யப்பான், குறித்த திறன் படைத்த தொழிலாளருக்கெனப் புதிய விசா முறையொன்றைத் தொடங்கிற்று. அவ்வாண்டே இலங்கையும் அதற்கான உடன்பாட்டிற் கையொப்பமிட்டது. 2022இன் பொருளாதார வீழ்ச்சியின் பின் முதியோர் பராமரிப்புக்கும் பிற தொழில்களுக்குமாக அவ்வழியை நாடினோர் பலர். அடிப்படை மொழித் தேர்விற் சித்தியடையாதவர்க்குப் பொதுவாக அவ்வாசல் திறவாது. எனவே வினைத்திரிபு என்பது நம்மவர்க்குச் சோற்றுப் பிரச்சினையாகிவிட்டது.

நாமும் எம் பழைய மாணவர் சிலருடன் அத்தகைய வகுப்பொன்றின் கடைசி வாங்கில் அமர்ந்து கற்றோம். பாடநூலின் விளக்கம் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. ஆங்கிலத்திற்கு அஞ்சியே படிப்பை விட்ட பிள்ளைகள், யப்பானிய மொழிக்குச் செல்லவும் அந்தப் படலையையே தட்ட வேண்டியிருந்தது. தமிழிலக்கணத்தில் நேரான பாதை இருக்க, இது என்ன சுற்றுவழி?

'தெ' வடிவம் என்று ஒன்று உண்டு. கற்போரை முதலில் மருட்டுவது அதுவே. அது நம் வினையெச்சத்தை ஒத்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் பாதி அச்சம் தீரும். 'தபெதெ மிரு' என்றால் 'உண்டு பார்'. 'மிரு' என்பது கண்ணாற் பார்த்தலே. நம்மைப் போலவே அவர்களும் அதனை முயன்றறிதற்குத் துணைவினையாக்கினர். 'கைதெ ஒகு' என்றால் 'எழுதி வை'. 'கைதெ ஷிமாவு' என்றால் 'எழுதிவிடு'. 'தபெதெ இரு' என்பதோ, 'உண்டுகொண்டிரு' என்பதன் ஈற்றுச் சொல்லையே ஒலியிலும் ஒத்திருக்கிறது! உடனே சுசுமு ஓனோவை நினைத்துக் கொள்ள வேண்டியதில்லை. இரு மொழிக்கும் அவர் காட்டிய தொடர்பை மொழியியலாளர் பெரும்பாலோர் ஏற்றிலர். நாம் பேசுவது ஒப்புமை பற்றி. உறவு பற்றி அன்று.

பாடநூல் வினைகளை முதலாங் கூட்டம், இரண்டாங் கூட்டம், மூன்றாங் கூட்டம் என எண்ணிட்டு நிறுத்திவிடுகிறது. யப்பானியரின் சொந்த இலக்கணமோ முதலாவதனை 'ஐவரிசை' வினை என்கிறது. படித்தலைக் குறிக்கும் 'யொமு' என்பதன் ஈறு ம, மி, மு, மெ, மொ எனத் திரியும். நெடில்களையும் ஐகார ஔகாரங்களையும் நீக்கிய நம் உயிர்மெய் வரிசை தானே இது? ஒழுங்கும் அதுவே. பௌத்த துறவிகள் கொண்டு சென்ற இந்திய எழுத்துக் கல்வியிலிருந்து அவ்வொழுங்கு அங்கே அமைந்தது. 1808இல் வெளிவந்த 'கொத்தொபா நொ யச்சிமத்தா' என்னும் நூலில் யப்பானிய வினைத்திரிபுகளை வகுத்துக் காட்டிய மொத்தூரி ஹருநிவா, கண்பார்வை இழந்தவர். கண்ணின்றி அவர் வகுத்ததைக் கண்ணுள்ள நாம் அட்டவணையை வெறித்துப் பார்த்தும் பிடிக்க முடியாமல் இடர்ப்படுகிறோம்.

அட்டவணையில் அடங்காத பொறிகளும் உள. 'கிரு' என்பது வெட்டுதல், உடுத்தலும் 'கிரு'வே. முன்னதன் எச்சம் 'கித்தெ', பின்னதன் எச்சம் 'கிதெ'. இதனை உருப்போடச் சொன்னார்கள். நாம் கரும்பலகையில் 'படித்து', 'படிந்து' என எழுதிக் காட்டினோம். பாடம் படித்தான், தூசி படிந்தது. ஒரே 'படி' இரு வழியிற் பிரிவதைப் பிறந்தது முதல் அறிந்தவர்க்கு இதில் வியப்பென்ன?

ஆயினும் தமிழ் எல்லா இடத்தும் கைகொடாது. மாணவர் தம் கொப்பிகளில் யப்பானியச் சொற்களைத் தமிழெழுத்திற் குறித்துக்கொள்வர். எழுதுதலும் முகர்தலும் அங்கே 'ககு' என்றே நிற்கும். முன்னதன் ககரம் வல்லொலி, பின்னதன் ககரம் மெல்லொலி. எச்சத்திலும் அவ்வாறே தகரம் வேறுபடும். நம் எழுத்தோ இரண்டையும் 'கைதெ' என்றே காட்டும். ஆதலால் முதற் கிழமையிலேயே ஹிரகானா எழுத்தைப் பழகிவிடுவதே நன்று. சூத்திரங்களை மனனம் செய்த மரபினர் ஆதலின் 'தெ' வடிவப் பாட்டை நாம் இகழவில்லை. ஆனாற் பாட்டுப் பாடுவோர் பலர் வாக்கியம் அமைக்க அறியாதிருக்கின்றனர்.

எம்மை உறுத்தியது வேறொன்று. 1998இல் வெளிவந்து உலகெங்கும் பரவிய 'மின்னா நொ நிஹொங்கொ' என்னும் பாடநூலின் வரிசையைக் கவனியுங்கள். 'தெ' வடிவமும் அதனால் அமையும் பணிவான வேண்டுகோளும் 14ஆம் பாடம். 'தொமரெ' (நில்), 'நிகெரொ' (ஓடித் தப்பு), 'சவருநா' (தொடாதே) போன்ற ஏவலும் விலக்கும் 33ஆம் பாடம். 'யசுமசெதெ குதசாய்', அதாவது 'ஓய்வெடுக்க விடுங்கள்' என்று கேட்பதற்கு வேண்டிய வடிவமோ 48ஆம் பாடம். நூல் 50 பாடங்களோடு முடிகிறது. இதில் நூலாசிரியர் சூழ்ச்சி ஏதுமில்லை; எளியதிலிருந்து அரியதற்குச் செல்லும் முறையே அது. ஆனால் இயந்திரத்தின் அருகே நிற்பவனுக்கு 'சவருநா' என்ற கூச்சல் 33ஆம் பாடம் வரை காத்திராது. காய்ச்சலும் 48ஆம் பாடம் வரை காத்திராது.

நாம் இப்போது தமிழில் எழுதிவரும் சிற்றட்டைகளில் முதற் பத்தும் அத்தகைய சொற்களே. 'யசுமசெதெ' என்பதன் பின்புறத்தில் யசும் + அசெ + தெ என மூன்றாகப் பிரித்து, ஓய்தல், செய்வித்தல், எச்சம் என்று குறித்திருக்கிறோம். பதினோராவது அட்டையில்தான் 'உண்கிறேன்' வருகிறது. தேர்வுக்கு இவ்வரிசை உதவாது என்று வகுப்பாசிரியர் கடிந்துகொண்டார். ஆகவே அவ்வட்டைகளை வகுப்பு முடிந்தபின், வாசலில் நின்று கொடுத்து வருகிறோம்.