கிடங்கு வெட்டிய பிறகு வரும் தொல்லியல்

2023 ஜூன் 29. கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய் புதைக்க நீர்வழங்கல் சபைக்காரர் கிடங்கு வெட்டிக்கொண்டிருந்தபோது பெக்கோ அள்ளிய மண்ணோடு எலும்பும் உடுப்புத் துண்டுகளும் வந்தன. எங்கள் ஊரான தண்ணீரூற்றும் கொக்குத்தொடுவாயும் ஒரே கரைதுறைப்பற்றுப் பிரிவுக்குள் இருப்பவை. எங்கள் பக்கத்துக் காணி என்றே சொல்லலாம். வேலை நின்றது. பொலிஸ், முல்லைத்தீவு நீதவான், சட்ட வைத்திய அதிகாரி எல்லாரும் வந்தபின் தொல்லியல் பேராசிரியர் ராஜ் சோமதேவவும் வந்தார். 2024 ஜூலையில் அகழ்வு முடிந்தபோது 52 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டிருந்தன.

இந்த அகழ்வில் பானை ஓட்டுக்கு வேலையில்லை. விடுதலைப் புலிகளின் பெண் போராளிகளுடைய சீருடை, இலக்கத் தகடு, உள்ளாடையின் இழுபட்டி போன்றவைதான் சான்று. துணி எந்தக் காலத்தது, பிளாஸ்டிக் எப்போது செய்தது என்று பார்த்து, புதைத்த காலம் 1994க்கும் 1996க்கும் இடைப்பட்டது என்று சோமதேவ நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுத்தார். கொக்குத்தொடுவாய்ச் சனம் 1984 கடைசியிலேயே ஊரைவிட்டு எழுப்பப்பட்டு, போர் முடிந்த பிறகுதான் திரும்பியது. புதைத்ததைப் பார்த்தேன் என்று சொல்ல ஊரில் ஆள் இருந்திருக்க முடியாது. மண்ணைத்தான் கேட்கவேண்டியிருந்தது.

மன்னார் நகரத்து விசயம் வேறு மாதிரி. பழைய சதொச கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்ட 2018இல் அத்திவாரம் வெட்டினார்கள். அந்த மண்ணை வீட்டு வளவுக்கு வாங்கிப் பறித்தபோது எலும்பு தெரிந்தது. மாதக்கணக்கில் தோண்டினார்கள். முந்நூறுக்கும் மேற்பட்ட என்புக்கூடுகள், அவற்றில் குழந்தைகளினதும் இருந்தன. ஒரு பகுதியில் சவங்கள் ஒழுங்காகக் கிடத்தப்பட்டிருந்தன. மற்றப் பகுதியில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தாறுமாறாகக் கிடந்தன. காணாமல் போன பிள்ளையின் படத்தோடு தாய்மார் வேலிக்கு வெளியே நின்றார்கள்.

ஆறு மாதிரிகள் அமெரிக்காவின் புளோரிடாவில் உள்ள ஆய்வுகூடத்துக்குப் போயின. 2019 மார்ச்சில் வந்த முடிவு அவற்றைப் பல நூற்றாண்டுகளுக்கு முந்தியவை என்றது. 1950களின் அணுகுண்டுப் பரிசோதனைகள் காற்றில் கரிமம்-14இன் அளவை ஏற்றிவிட்டன. அதனால் அதற்குப் பிறகு வாழ்ந்தவரின் எலும்பைப் பிரித்தறிவது சுலபம். ஆனால் அதற்கு முந்திய முந்நூறு வருடத்தில் இந்த முறை நல்லாகத் தடுமாறும். ஒரே எலும்புக்கு நூறு, இருநூறு வருட அகலத்தில் விடை தரும். ஆறு மாதிரியை வைத்து முந்நூறு பேருக்கும் தீர்ப்பெழுதலாமா என்று உறவினரின் சட்டத்தரணிகள் கேட்டது நியாயமான கேள்வி.

எனக்கு உறுத்துவது அதற்குப் பிறகு நடந்தது. "பழையது" என்றவுடன் அரசியல்வாதிகள் கலைந்தார்கள், பத்திரிகைகளும் விட்டன. போர்த்துக்கேயர் 1560இல் கோட்டை கட்டி, 1658இல் ஒல்லாந்தரிடம் இழந்த ஊர் மன்னார். அந்தக் காலத்தில் இங்கே முந்நூறு பேர், பிள்ளைகளோடு, ஏன் இப்படி அடுக்கப்பட்டார்கள்? நோயா, பஞ்சமா, வாளா? இது வரலாற்றாசிரியர் தூக்கத்தைக் கெடுக்கவேண்டிய கேள்வி. எலும்புகளோ வழக்குப் பொருளாக நீதிமன்றத்துப் பெட்டிகளுக்குள் போயின.

இதற்கு மாறாக, லண்டனில் லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் புதிய நிலக்கீழ் ரயில் நிலையம் அமைக்க 2015இல் நிலத்தைத் திறந்தபோது, அங்கே பழைய இடுகாடு இருப்பது முன்பே தெரிந்திருந்தது. கொன்கிரீட்டுக்கு முதல் தொல்லியலாளர் இறங்கி மூவாயிரத்துக்கு மேற்பட்டோரை எடுத்தார்கள். பல்லில் இருந்து 1665 கொள்ளைநோயின் கிருமியை அடையாளம் கண்டார்கள். கோவில் பதிவேடுகளைப் புரட்டிப் பெயர்களைத் தொகுத்தார்கள். பிறகு கான்வி தீவில் மறுபடி அடக்கம் செய்தார்கள். அங்கே காசு இருந்தது, அதைவிட முக்கியமாக, எலும்பு யாருடையது என்று எவரும் பயப்படத் தேவையில்லை.

நம்மிடமும் சட்டம் இல்லாமலில்லை. கால் ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியில் வரும் திட்டங்களுக்குத் தொல்லியல் தாக்க மதிப்பீடு வேண்டும் என்ற விதி 2000ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. வன்னியில் அது குளக்கரை விகாரைச் சிதைவைத் தேடுவதற்கே பயன்படுகிறது என்ற சந்தேகம் சனத்திடம் உண்டு. அந்தச் சந்தேகத்துக்குக் காரணமும் உண்டு. குழாய்க் கிடங்கு வெட்டமுன் அந்த ஊர்க் கிழவர்களிடம், "இந்தப் பக்கம் சுடலை இருந்ததா, முகாம் இருந்ததா" என்று கேட்க எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

"மயானம்தானே, எலும்பு இருக்கும்தானே" என்ற பதிலும் உதவாது. யாழ்ப்பாணத்துச் செம்மணி சித்துப்பாத்தியும் மயானம்தான். 2025 பெப்ரவரியில் தகன மேடைக்கு அத்திவாரம் வெட்டியபோதுதான் எலும்பு வந்தது. செப்டெம்பருக்குள் 240 என்புக்கூடுகள் அடையாளம் காணப்பட்டன. ஆழமில்லாத குழிகள், பெரும்பாலும் உடுப்பில்லை, நடுவே ஒரு பள்ளிக்கூடப் பை. முறையாக அடக்கம் செய்த சவம் இப்படிக் கிடக்காது என்பதை நீதிமன்றத்துக்கு எழுதிக்காட்ட, மண் படையைப் படிக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்கவேண்டும். கொக்குத்தொடுவாய், மன்னார், செம்மணி ஆகிய மூன்று இடங்களுக்கும் அழைக்கப்பட்டது சோமதேவ என்ற அதே ஒரு பேராசிரியர்தான்.