கிரீச்!

பி.காம். படித்தவனுக்குத் தெரிந்த பிரேக், சைக்கிளில் இருக்கும் ரப்பர் கட்டை மட்டும்தான். அப்பேர்ப்பட்டவன் கையில் ஸ்பேனரைக் கொடுத்து, விமானச் சக்கரத்துக்குப் பக்கத்தில் படுக்க வைத்த பெருமை என் மச்சினனையே சேரும்.

அமெரிக்காவில், ஓரிகானில் இருக்கிறான். ஏழு வருஷம் வீட்டு கராஜில் ரிவெட் அடித்து, ஆர்.வி.-7ஏ என்கிற இரண்டு ஸீட் விமானத்தைக் கட்டி முடித்துவிட்டான். பாதிக்கு மேல் வேலையை நாமே செய்திருந்தால் அங்கே சட்டம் அனுமதிக்கிறது. ஆனால், 'வழக்கமான விமானங்களுக்கான பாதுகாப்பு விதிகளுக்கு இது உட்பட்டதல்ல' என்று பயணி கண்ணில் படும்படி ஒட்டிவைக்க வேண்டும். மறுநாள் காலை அந்தப் பயணி, நான்.

ஷெட்டிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்தான். இடது சக்கரம் கிரீச்சிட்டது. அந்தக் காலத்துப் பல்லவன் பஸ் ஸ்டாப்பிங்கில் போடுமே, அதே சத்தம்.

"பிரேக் பிடிக்குதில்ல? அப்புறம் என்ன?"

"மாமா, தரையில இதுக்கு பிரேக்தான் ஸ்டியரிங்!"

மூக்குச் சக்கரம் சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டிச் சக்கரம் மாதிரி தன்பாட்டுக்குச் சுழலுமாம். இடது பக்கம் திரும்ப இடது பிரேக். ஒரு பிரேக் விடாமல் உரசினால் டிஸ்க் சூடேறி, உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் வெந்து, ஆயில் கசிந்து, தீப்பிடித்து... "போதும்ப்பா!" என்றேன்.

ஜாக்கி வைத்துத் தூக்கினோம். கையால் சுற்றினால் சத்தமில்லை. ஆக, சக்கர மூடி உரசவில்லை. இரண்டு போல்ட்டைக் கழற்றினால் பிரேக் கட்டை கையோடு வந்துவிட்டது. 2.5 மி.மீட்டருக்குக் கீழே தேய்ந்தால் மாற்ற வேண்டும். ரிவெட் தலை டிஸ்க்கைக் கீறும். எங்களுடையது புத்தம் புதுசு. காலிப்பர் முன்னும் பின்னும் நகர வேண்டிய பின்கள்தான் காய்ந்து, அழுக்கேறிக் கிடந்தன. துடைத்தோம். கிரீஸ் தடவப் போனேன். "மண் ஒட்டிக்கும் மாமா" என்று பிடுங்கிக்கொண்டு, உலர் லூப்ரிகன்ட் அடித்தான்.

மாட்டி ஓட்டினால், சத்தம் பாதிதான் குறைந்திருந்தது.

பக்கத்து ஷெட் பெரியவர் எட்டிப் பார்த்தார். கேட்டது ஒரே கேள்வி: "புதுக் கட்டையைச் சூடு பண்ணினியா?"

பயல் திருதிருவென்று விழித்தான். ஏழு வருஷக் குழந்தையல்லவா! நோகாமல், பெடலில் விரலை லேசாக வைத்தபடியே ஓட்டியிருக்கிறான். கட்டையின் மேல் கண்ணாடி மாதிரி மெல்லிய படலம் உருவாக நல்ல சூடு வேண்டுமாம். இப்படி மென்மையாகத் தடவினால் இருக்கிற படலமும் தேய்ந்து போகும். புத்தகத்திலேயே வழி போட்டிருந்தது: எஞ்சினை 1,700 ஆர்.பி.எம்.மில் வைத்து, பிரேக்கை அழுத்தியபடி மணிக்கு 5 முதல் 10 மைல் வேகத்தில் 1,500 அடி ஓட்டு. 10-15 நிமிஷம் ஆறவிடு. பிறகு எஞ்சினை நன்றாக முறுக்கி, பிரேக் தாங்குகிறதா பார்.

அவன் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. பெற்ற பிள்ளையை அடிக்கிற மாதிரி மிதித்தான். ஆறவிட்டு மறுபடி ஓட்டினான்.

சத்தம் இல்லை.

மறுநாள் காலை ஏறி உட்கார்ந்தேன். எச்சரிக்கை வாசகம் கண்ணுக்கு நேரே இருந்தது. என் பக்கமும் இரண்டு பெடல்கள். இறங்குகிற வரை அந்தப் பக்கம் காலையே கொண்டு போகவில்லை.