ஹாலேயில் 12 நாட்கள்

 

எங்கள் சின்னவள் ஜெர்மனியில் ஒரு செமஸ்டர் படித்துவிட்டு வீடு திரும்பி மூன்று வாரம் ஆகிறது. "ஏன் டீச்சர், பாப்பா யார்கிட்டயும் சரியா பேச மாட்டேங்குது?" என்று பலர் கேட்டுவிட்டீர்கள். "வெளிநாட்டுக் காத்து பட்டதும் தலைக்கனம் வந்துடுச்சா?" என்று கேட்ட சொந்தமும் உண்டு. போனில் ஒவ்வொருவருக்காகச் சொல்லி மாளவில்லை. அவளை அழைத்து வரப் போன நான், அங்கே அவளோடு 12 நாள் இருந்தேன். பார்த்ததை எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் உட்கார்ந்த மாதிரி பொறுமையாகப் படியுங்கள்.

ஊரின் பெயர் ஹாலே. ஸாலே என்று ஒரு ஆறு, டிராம் வண்டி, கடைவீதி நடுவில் ஹாண்டல் என்ற இசைமேதையின் சிலை. அவர் 1685-இல் பிறந்தது அந்த ஊரில்தானாம். ஜூலை மாதம் அங்கே இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் போகவில்லை. விளக்கேற்றும் நேரம் எது என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

அவள் இருந்தது மாணவர் விடுதி. ஆளுக்கொரு அறை, ஏழு பேருக்குப் பொதுவாக ஒரு சமையலறை. குளிர்பெட்டியில் ஆளுக்கொரு தட்டு, அதில் பெயர் எழுதி ஒட்டிய சீட்டு. நான் போன அன்று ஏழு சீட்டும் இருந்தன. பரீட்சை முடிய முடிய ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். ஸ்பெயின் பையன் முதலில் போனான், விடியற்காலை நாலு மணி ரயிலுக்கு. மீதி ஆறு பேரும் தூக்கக் கலக்கத்தோடு ஸ்டேஷன் வரை போய்விட்டு வந்தார்கள். மறுநாள் துருக்கிப் பெண். அப்புறம் சீனத்துப் பையன். காலையில் காபி போட அந்தப் பெட்டியைத் திறந்தால் இன்னொரு தட்டு துடைத்துக் காலியாக இருக்கும். சின்னவள் அதைப் பார்ப்பாள், பாலை எடுத்துக்கொண்டு மூடிவிடுவாள், ஒன்றும் சொல்ல மாட்டாள்.

நான் கொண்டுபோன புளிக்காய்ச்சலில் எல்லோருக்கும் ஒருநாள் சாதம் கலந்து கொடுத்தேன். ஸ்பெயின் பையன் மூன்று டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கேட்டான். நல்ல பிள்ளை.

அந்த நாட்டில் தண்ணீர் பாட்டில் வாங்கினால், பாட்டிலுக்கு என்று 25 சென்ட் சேர்த்து வாங்கிக்கொள்கிறார்கள். காலி பாட்டிலைக் கடையில் இருக்கிற இயந்திரத்தில் போட்டால் அது ஒரு சீட்டு தரும், காசு திரும்பிவிடும். சமையலறை மூலையில் பல வாரமாகச் சேர்ந்து கிடந்ததை மூட்டை கட்டித் தூக்கிப் போனோம். 44 பாட்டில், 11 யூரோ. அதில் தர்பூசணியும் ஐஸ்கிரீமும் வாங்கி, பைஸ்னிட்ஸ் என்று ஆற்றுக்கு நடுவே ஒரு தீவு இருக்கிறது, அங்கே புல்லில் உட்கார்ந்து மிச்சம் இருந்தவர்கள் சாப்பிட்டார்கள். பேச்சு முழுக்க அடுத்த வருஷம் எங்கே சந்திப்பது என்பதுதான். மாட்ரிட், இஸ்தான்புல், மயிலாடுதுறை என்று வரிசை போட்டார்கள். நான் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். 1982-இல் ஆசிரியர் பயிற்சி முடித்த அன்று விடுதியில் நாங்களும் ஆட்டோகிராப் நோட்டில் இப்படித்தான் எழுதிக்கொண்டோம். மூன்று மணி நேர பஸ் தூரத்தில் இருந்தவர்களில் பாதிப் பேரை அதன்பிறகு நான் பார்க்கவே இல்லை.

கிளம்பும்முன் நகராட்சி அலுவலகத்தில் பதிவை நீக்க வேண்டும். குடிவந்ததும் எப்படிப் பெயரைப் பதிய வேண்டுமோ, அப்படியே நாட்டை விட்டுப் போகும்போது நீக்கவும் வேண்டும். ஒரு தாள் கொடுத்தார்கள். வெளியே வந்து அதைப் படித்துவிட்டு, "அம்மா, இனி நான் இந்த ஊர்க்காரி இல்ல" என்றாள். எனக்கு டி.சி. ஞாபகம் வந்தது. எத்தனை நூறு டி.சி. எழுதியிருப்பேன்! பள்ளியை விட்டு விலகிய நாள், நடத்தை நன்று. எழுதி, மை ஒற்றி, ஹெட்மாஸ்டர் கையெழுத்துக்கு அனுப்புவது மட்டும்தான் நமக்குத் தெரியும். அதை வாங்கிக்கொண்டு வாசலைத் தாண்டும் பிள்ளையின் முகம் எப்படி இருக்கும் என்று அன்றைக்கு என் மகள் முகத்தில் பார்த்தேன்.

இன்னொரு இடத்தைச் சொல்லாமல் போக முடியாது. என்னிடம் படித்தவர்களுக்குத் தெரியும், வருஷா வருஷம் உங்களைத் தரங்கம்பாடி கோட்டைக்கு அழைத்துப் போய், வெயிலில் நிற்க வைத்து சீகன்பால்க் கதை சொல்வேன். 1706-இல் வந்தார், பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் படித்தார் என்று. அந்த சீகன்பால்க் மாணவராக இருந்த ஊர்தான் ஹாலே. பிராங்கே என்ற பாதிரியார் அங்கே கட்டிய அனாதை இல்லமும் பள்ளிகளும் ஒரு சிறு ஊர்போல இன்றும் நிற்கின்றன, இன்றும் பிள்ளைகள் படிக்கிறார்கள். நம் தமிழ் ஓலைச்சுவடிகள் அங்கே காப்பகத்தில் இருக்கின்றன. சின்னவள் சரித்திர மாணவி, வாரம் இரண்டு நாள் அங்கே போய்ப் படித்தாளாம். சீகன்பால்க் இடையில் ஐரோப்பா போனபோது மலையப்பன் என்ற தமிழ் இளைஞரையும் கூட அழைத்துப் போனார். லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716-இல் ஹாலேயில் அச்சானது. அந்த முற்றத்தில் நடக்கும்போது, "மலையப்பனுக்கும் ஊர் திரும்புற நாள் வந்திருக்கும் இல்லம்மா?" என்றாள். "அவருக்குக் கப்பல், மாசக்கணக்கு ஆகும். உனக்கு ஒரே ராத்திரி" என்றேன். "அதான்மா கஷ்டம்" என்றாள்.

அறையை ஒப்படைக்கும் வேலை எனக்குப் பிடித்த வேலை. ஆணி அடித்த ஓட்டையை வெள்ளைப் பசையால் அடைத்து, அடுப்பைத் தேய்த்து, ஜன்னல் துடைத்து, பள்ளி ஆய்வுக்கு இன்ஸ்பெக்டர் வரும் நாள்போல வைத்தோம். விடுதிக் காப்பாளர் ஒரு தாளோடு வந்து டிக் போட்டுக்கொண்டே போனார். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. நாலு மாதம் குடியிருந்த அறை, சாவியை வாங்கிக்கொண்டார், முடிந்தது. விமானத்தில் 23 கிலோதான் அனுமதி. மிச்சமான தட்டு, போர்வை, புத்தகங்களை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதி வாசலில் வைத்தாள். அங்கே அது வழக்கம். சாயங்காலத்துக்குள் பெட்டி காலி. போர்வையை எடுத்துப்போன பெரியவரை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

பிரஷர் குக்கரை மட்டும் பெட்டியில் வைக்கவில்லை. அதைப் பக்கத்து அறைப் பெண்ணுக்குக் கொடுத்தாள். அந்தப் பெண் உக்ரைன், கார்கிவ் நகரம். 2022-இல் போர் தொடங்கியபின் வந்தவள். அப்பா அம்மா அங்கேயே இருக்கிறார்கள். சமையலறையில் எல்லோரும் "நீ எந்தத் தேதி, நீ எந்தத் தேதி" என்று கேட்டுக்கொள்ளும்போது, அவளை மட்டும் யாரும் கேட்பதில்லை. ஒவ்வொருவர் கிளம்பும்போதும் பெட்டியை ஒருபக்கம் பிடித்து டிராம் வரை தூக்கி வருவாள். "எல்லாரையும் வண்டி ஏத்திவிடறது என் வேலை" என்று சிரித்தாள். எங்களையும் ஏற்றிவிட்டாள். என் இங்கிலீஷ் மூன்றாம் வகுப்புப் பாடப்புத்தக இங்கிலீஷ். அவளிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் கன்னத்தைத் தடவிக் கொடுத்தேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். டிராம் திரும்பும்வரை கையாட்டிக்கொண்டு நின்றவள் ஒருத்திதான். மற்றவர்களை ஏழு பேர், ஆறு பேர் என்று வழியனுப்பிய இடம் அது.

பிராங்பர்ட் வரை ரயிலில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். சின்னவள் அழவில்லை. "அந்த ஏழு பேரும் சேர்ந்து இருந்த சமையலறை இனி எங்கயுமே கிடையாதும்மா. நான் திரும்பிப் போனாலும் கிடையாது" என்று மட்டும் சொன்னாள். நான் எதையும் சொல்லித் தேற்றவில்லை. அவள் சொன்னது உண்மை.

இப்போது வீட்டில் குப்பையை மூன்று பையாகப் பிரிக்கிறாள். சாப்பிட்டதும் மொட்டை மாடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் தனியாக நிற்கிறாள். அங்கே இரவு பதினொரு மணிக்கு ஆற்றங்கரையில் தனியாக நடந்து வீடு வந்த பெண். இங்கே தெருமுனைக் கடைக்கு என்றாலும் "துணைக்கு யாரு?" என்று கேட்கிறோம், நானும்தான். இதற்கு நடுவில் கல்யாணப் பேச்சு வேறு. சொந்தங்களே, தீபாவளி வரை அந்தப் பேச்சு வேண்டாம். வீட்டுக்கு வந்தால் எடை கூடிவிட்டதா, கறுத்துவிட்டாளா என்று கேட்காமல், அந்த ஏழு பேரைப் பற்றிக் கேளுங்கள். நிறையப் பேசுவாள்.

நேற்று இரவு கார்கிவ் பெண்ணிடமிருந்து குக்கர் படம் வந்தது. உள்ளே உருளைக்கிழங்கு. எத்தனை விசில் என்று கேட்டிருந்தாள். சின்னவள் அடுப்படிக்கு வந்து என்னைக் கேட்டாள். மூன்று என்றேன். பிறகு அரைமணி நேரம் இருவரும் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார்கள். புதிதாக நாலு பேர் வந்திருக்கிறார்களாம், பெயர்ச்சீட்டு ஒட்டியாகிவிட்டதாம்.