காந்தள் காட்டில் ஒரு பருவம்

ஆடி 12, மூலனூர்
அண்ணனுக்குக் கால் பெருவிரல் மூட்டு வீங்கித் தரையில் ஊன்ற முடியாமற் போனதால், நடவு நின்றுவிடக் கூடாதென்று நான் வந்து சேர்ந்தேன். அவர் கட்டிலில் இருந்தபடி ஆணையிட, நான் கண்வலிக் கிழங்கு என்னும் காந்தள் கிழங்கை நடுகிறேன். கலப்பைபோல் இரண்டாகக் கவைத்த இக்கிழங்கின் ஒவ்வொரு கவையிலும் நுனியில் ஒரே ஒரு முளைதான் உண்டு. "மொளை ஒடிஞ்சா அத்தோட போச்சு தம்பி, பாத்து வை" என்று வாசலிலிருந்தே கத்தினார்.

ஆடி 15
மழை இல்லை.

ஆவணி 3
தாராபுரத்து வைத்தியர் எழுதித் தந்த மாத்திரையின் உறையில் கோல்ச்சிசின் என்றிருந்தது. 1820-இல் பெல்லத்தியே, கவாந்தூ என்னும் பிரெஞ்சு ரசாயன சாஸ்திரிகள் ஐரோப்பியச் செடியொன்றிலிருந்து பிரித்தெடுத்த அதே வஸ்து நம் காந்தள் விதையிலும் கிழங்கிலும் இருப்பதும், அதற்காகவே விதை கப்பலேறுவதும் அண்ணனுக்குத் தெரியாததல்ல. ஆயினும் மாத்திரையை நெடுநேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "நம்ம காட்டுச் சரக்கு நமக்கே திரும்பி வருது" என்றார், சிரிக்கவில்லை. வலி, கடன், மழையின்மை ஆகிய மூன்றும் ஒரே மாதத்தில் ஒரு மனிதன்மேல் வந்து விழுந்தால் அவன் இரவில் என்னென்ன நினைப்பான்? அளவு மீறினால் இந்த ஔஷதமே விஷம். இவ்வட்டாரத்தில் அதை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆவணி 4
மீதிக் கிழங்கு கிடந்த அறைக்குப் பூட்டு வாங்கினேன். பேரக் குழந்தைகள் வருவார்கள் என்றேன். அண்ணன் ஒன்றும் கேட்கவில்லை.

ஐப்பசி 9
கபிலர் குறிஞ்சிப்பாட்டில் நிரல்படுத்திய 99 மலர்களுள் முதலாவதை, ஆயுள் முழுதும் வகுப்பில் பாடம் நடத்திய எனக்கு, இன்றுதான் விரலால் தொட வாய்த்தது. இலை நுனியே பற்றுக்கம்பியாய்ச் சுருண்டு கிளுவைக் கிளையைப் பிடித்திருக்கிறது. பச்சையாய் விரிந்த இதழ்கள் மஞ்சளாகிச் சிவந்து பின்னோக்கி மடிகின்றன. சூல்தண்டோ மகரந்தத்தை விட்டு விலகிப் பக்கவாட்டில் வளைந்து நிற்கிறது. இப்படியொரு சிருஷ்டி தன் வம்சத்தைத் தானே காத்துக்கொள்ளும் என்று நம்பியிருந்தால் காய் போதிய அளவு பிடிக்காதாம். ஆகையால் காலை வேளையில் பூப்பூவாய்ச் சென்று மகரந்தத்தை எடுத்துச் சூல்முடியில் தடவ வேண்டும். "அவசரப்படாதீங்கய்யா, ஒவ்வொண்ணுக்கும் நேரங் குடுங்க" என்றாள் உடன் வந்த மூதாட்டி. முதுகு ஒடிகிறது. அழகைப் பாடியவர்கள் ஒருநாளாவது இங்கே குனிந்திருக்கலாம்.

கார்த்திகை 2
அண்ணன் தடியூன்றி வரப்புவரை வந்தார். நான் தொட்ட பூக்களில் இரண்டைக் காட்டி, சரியாகத் தடவவில்லை என்றார்.

தை 18
காய் சுருங்கிற்று, செம்மஞ்சள் விதை உலர்ந்து மூட்டையாயிற்று. இதற்கு ஊரறிந்த விலை என்று ஒன்று கிடையாது. வாசலுக்கு வருகிற வியாபாரி சொன்னதே விலை. இன்று வந்தவர் சொன்னதைக் கேட்டு நான் சரியென்று தலையசைக்கப் போக, அண்ணன் குறுக்கிட்டு, மூட்டையை உள்ளே எடுத்து வைக்கச் சொல்லிவிட்டார். இந்த விலைக்கு அவர் கொடுக்கப் போவதில்லை.