‘நாடு’ என்னும் கட்டம்



புனேயில் பனி பெய்வதில்லை. ஆயினும் இங்கு ஆய்வு மாணவர்களாக உள்ள நாங்கள் நால்வர், இருவர் தமிழிலும் இருவர் மராத்தியிலுமாக, 2014-ஆம் ஆண்டு சோச்சி குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியர் பங்கேற்றதைப் பற்றி விக்கிப்பீடியாவில் எழுதி வருகிறோம். அப்பணியில் அட்டவணையின் ஒரே ஒரு கட்டம் எங்களை இரண்டு மாலைகள் நிறுத்திவைத்தது. அக்கட்டத்தின் தலைப்பு ‘நாடு’.

பின்னணி இது. நிருவாகிகள் தேர்தலில் ஒலிம்பிக் சாசனம் மீறப்பட்டதாகக் கூறி, பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2012 டிசம்பரில் இந்திய ஒலிம்பிக் சங்கத்தை இடைநீக்கம் செய்தது. எனவே 2014 பிப்ரவரி 7 அன்று சோச்சியின் தொடக்க விழாவில் மூவண்ணக் கொடி இல்லை. இந்திய வீரர்கள் ஒலிம்பிக் கொடியின் கீழ் அணிவகுத்தனர்.

அவர்களுள் ஒருவர் மணாலியைச் சேர்ந்த சிவ கேசவன். சிறு சறுக்குவண்டியில் மல்லாந்து படுத்தபடி பனித்தடத்தில் விரையும் லூஜ் விளையாட்டின் வீரர். 1998 நாகானோவில் தம் பதினாறாம் வயதில் தொடங்கி 2018 பியோங்சாங் வரை ஆறு குளிர்கால ஒலிம்பிக்குகளில் போட்டியிட்டவர். சோச்சியில் அவருடைய போட்டி பிப்ரவரி 8, 9 ஆகிய நாள்களில் நடந்து முடிந்தது. அதே 9-ஆம் தேதிதான் சங்கத்திற்குப் புதிய தேர்தல் நடைபெற்றது. 11-ஆம் தேதி தடை நீங்கியது. அதன்பின் களமிறங்கிய நதீம் இக்பாலும் ஹிமான்ஷு தாக்கூரும் இந்தியாவின் பெயரில் போட்டியிட்டனர். கேசவன் மட்டும் ‘சுயேச்சை ஒலிம்பிக் பங்கேற்பாளர்’ என்ற பெயரிலேயே முடிவுப் பட்டியலில் நின்றுவிட்டார்.

விக்கிப்பீடியாவின் வார்ப்புருவில் மூன்றெழுத்துக் குறியை இட்டால் கொடி தானாகத் தோன்றும். ‘ஐ.என்.டி.’ என்றால் மூவண்ணம், ‘ஐ.ஓ.பி.’ என்றால் ஐந்து வளையங்கள். எங்களுள் ஒருவர் மூவண்ணமே வேண்டும் என்றார். “அவர் இந்தியர் அல்லரா? நிருவாகிகளின் குற்றத்திற்கு வீரரை நாமும் ஏன் தண்டிக்க வேண்டும்?” எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதம் அன்று. இருபது ஆண்டுகள் ஒரு நாட்டின் பெயரைச் சுமந்தவரிடமிருந்து அப்பெயரைப் பறிக்கும் வேலையாகவே அது எனக்கும் தோன்றியது.

ஆனால் கொடியை மாற்றுவதால் உண்மையில் நன்மை பெறுவோர் யார்? அன்றைய நிருவாகிகளே. பின்னாளில் அட்டவணையைக் காணும் மாணவர், 2014-இல் எல்லாம் இயல்பாகவே நடந்தது என்று கொள்வார். கொடியில்லாத அந்த ஒரு வரிசைதான் நிகழ்ந்ததற்குச் சான்று. பரிவினால் அதை அழித்தாலும் அழிவது சான்றுதான்.

வழி காண உதவிய முன்மாதிரி இவ்வூரிலேயே உண்டு. பண்டார்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் 1919-இல் தொடங்கி 1966-இல் நிறைவுசெய்த மகாபாரதச் செம்பதிப்பில், ஏற்றுக்கொண்ட பாடம் மேலே இருக்கும். ஏலாத பாடங்கள், எந்தச் சுவடியில் உள்ளன என்ற குறிப்போடு, அடியில் இருக்கும். முதன்மைப் பதிப்பாசிரியர் வி. எஸ். சுக்தங்கர் 1943-இல் மறைந்த பின்னரும் பிறர் அப்பணியை முடித்தனர். பலர் கூடி ஆக்கும் நூலில் ஒருவர் ஒதுக்கியதை அடுத்தவர் காண முடிய வேண்டும் என்பதே அம்முறையின் பயன்.

பிறகு அக்கட்டத்தின் தலைப்பையே ஆராய்ந்தோம். ஒலிம்பிக் முடிவுகளில் ஒருவரின் பெயருக்கு அருகே நிற்பது அவரை அனுப்பிய தேசிய ஒலிம்பிக் குழுவின் குறி. அது குடியுரிமைச் சான்று அன்று. 2012 இலண்டனில் ஓடிய குவோர் மரியாலுக்கும் இது பொருந்தும். அவருடைய தாயகமான தென் சூடான் அப்போது தனிநாடாகியிருந்தது. ஆனால் அதற்கு அங்கீகாரம் பெற்ற ஒலிம்பிக் குழு இல்லை. ஆகவே அவரும் சுயேச்சையாகவே ஓடினார். நாடு இருந்தது, கட்டத்தில் இட ஒரு குறிதான் இல்லை. ‘நாடு’ என்ற தலைப்பே எங்கள் பூசலுக்கு வித்து.

ஆகவே தலைப்பை ‘ஒலிம்பிக் குழு’ என மாற்றினோம். கேசவனின் வரிசையில் ஐந்து வளையங்களை இட்டு, இடைநீக்கம், போட்டி, தடைநீக்கம் ஆகியவற்றின் தேதிகளை அடிக்குறிப்பில் தந்தோம். வாழ்க்கை வரலாற்றுப் பக்கத்தில் அவர் இந்திய வீரர். அதில் எவருக்கும் ஐயமில்லை. மூவண்ணம் கோரிய நண்பர் இன்னமும் முழுமையாக உடன்படவில்லை. அவருடைய வாதத்தைச் சுருக்காமல் பேச்சுப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். அவ்வரிசையைத் திருத்த விரும்புவோர் முதலில் அதனைப் படித்துவிட்டு வருமாறு வேண்டுகிறேன். உங்கள் தரப்பை உங்களுக்கு முன்பே ஒருவர் அங்கு நன்றாக எழுதியிருக்கிறார்.