அம்மா ஓட்டலாம், மகள் ஓட்டக்கூடாது!

லண்டனிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் பிரயாணம் செய்தால் லெஸ்டர் வந்துவிடும். அங்கே பெல்கிரேவ் ரோடில் கால் வைத்ததும், இங்கிலாந்துக்குத்தான் வந்திருக்கிறோமா என்று சந்தேகம் தட்டும். புடவைக் கடை, நகைக் கடை, மிட்டாய்க் கடை! 1972-ல் உகாண்டாவிலிருந்து துரத்தப்பட்ட இந்தியர்களில் ஏராளமானோர் குடியேறிய ஊர் அல்லவா? தீபாவளி விளக்குகளைக் காண ஜனங்கள் திரண்டு வருகிறார்கள்.

2023 தீபாவளிக்கு அங்கே என் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் நின்ற காரின் மேல் மஞ்சள் இலைகள் உதிர்ந்து கிடந்தன.

"ஏண்டி, காரை வைத்துக்கொண்டு கடைக்கு நடக்கிறாயே?"

"நான் ஓட்டக்கூடாது, அம்மா. வருஷம் முடிந்துவிட்டது" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. மவுண்ட் ரோடு நெரிசலில் எட்டு வருஷம் கார் ஓட்டியவள் இவள்!

விஷயம் பிறகுதான் விளங்கிற்று. பிரிட்டனில் குடியிருக்க வருகிறவர்கள் நம் ஊர் லைசென்ஸை வைத்துக்கொண்டு 12 மாதம் கார் ஓட்டலாம். அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கூடாது. ஆஸ்திரேலியா, ஜப்பான், சிங்கப்பூர்க்காரர்கள் பரீட்சை இல்லாமலே லைசென்ஸை மாற்றிக்கொள்ளலாம். இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. புதிதாகக் கற்பவரைப் போலத் தற்காலிக லைசென்ஸ் வாங்கி, இரண்டு பரீட்சை தேற வேண்டும்.

என் மகள் நடுவில் ஒரு மாதம் சென்னைக்கு வந்து போனாள். 'திரும்பி வந்த நாளிலிருந்து புதுக் கணக்கு' என்று யாரோ சொன்னதை நம்பிவிட்டாள். சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்குத்தான் அந்தக் கணக்கு. குடியிருப்பவர்களுக்கோ முதலில் குடியேறிய நாளே கணக்கு! மீறி ஓட்டினால் இன்ஷூரன்ஸ் கை கொடுக்காது. போலீஸார் காரையே பறிமுதல் செய்யலாம்.

ஒரு நாள் நடுநிசி. மாப்பிள்ளை வேலையாக ஸ்காட்லாந்து போயிருந்தார். நாலு வயதுப் பேத்தி காதைப் பிடித்துக்கொண்டு அலறினாள். உடம்பு அனலாய்க் கொதித்தது. வெளியே கொட்டும் மழை. டாக்சி வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். மகள் கார் சாவியை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

நான் வந்து மூன்று வாரந்தான் ஆகியிருந்தது. நான் விருந்தாளி, என் லைசென்ஸ் செல்லும்! மாப்பிள்ளை முன்யோசனையாக இன்ஷூரன்ஸிலும் என் பெயரைச் சேர்த்திருந்தார்.

அங்கேயும் நம்மைப் போல இடது பக்கந்தான் ஓட்ட வேண்டும். ஆனால் மூலைக்கு மூலை ரவுண்டானா! வலது புறமிருந்து வருகிறவருக்கு வழி விட்ட பிறகே நுழையலாம். பலகையில் 30 என்று கண்டு ஆமை வேகத்தில் போனேன். "அது மைல், அம்மா!" என்றாள் மகள். வழி தெரிந்தவள் சும்மா உட்கார்ந்திருக்க, வழி தெரியாதவள் ஓட்டிப்போய் ஆஸ்பத்திரி சேர்ந்தோம். காதில் சீழ் பிடித்திருந்ததாம். மருந்து உள்ளே போனதும் குழந்தை என் மடியிலேயே தூங்கிவிட்டாள்.

மறுநாள், "நீ 'எல்' பலகை மாட்டிக்கொண்டு ஓட்டு; நான் பக்கத்தில் உட்காருகிறேன்" என்றேன். அதுவும் ஆகாதாம்! பக்கத்தில் இருப்பவரிடம் பிரிட்டன் அல்லது ஐரோப்பிய லைசென்ஸ் மூன்று வருஷமாவது இருக்க வேண்டுமாம். நான் ஓட்டலாம், ஓட்டுகிறவளுக்குத் துணை போகக் கூடாது!

பெண்ணை வெளிநாட்டில் குடித்தனம் வைக்கும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. பிரிட்டன் என்றால், குடியேறிய தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு, முதல் மாதமே தற்காலிக லைசென்ஸுக்கு மனுப் போடச் சொல்லுங்கள். எழுத்துப் பரீட்சையில் 50 கேள்விகளுக்கு 43 சரியாக வேண்டும். வீடியோவில் வரும் ஆபத்துக்களை முன்கூட்டியே கண்டுகொள்ள வேண்டும். பிறகு சாலையில் சுமார் 40 நிமிஷம் ஓட்டிக் காட்ட வேண்டும். அதற்குத் தேதி கிடைக்கவே மாதக் கணக்கில் காத்திருக்க நேரும்.

நான் சென்னை திரும்பிய பிறகு போன் வந்தது. மகள் தேறிவிட்டாள்! கழற்றிய 'எல்' பலகை எங்கே என்று கேட்டேன். பேத்தி தன் மூன்று சக்கர சைக்கிளில் ஒட்டிக்கொண்டு, பாட்டி வந்து பக்கத்தில் உட்கார வேண்டும் என்று காத்திருக்கிறாளாம்!